‘உங்க சாமி ஏன் வெள்ளைக்காரர் மாதிரி இருக்கார்?’

வாசகர் கடிதம்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 26 வயது சகோதரி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

நான்கு தலைமுறையாக சி.எஸ்.ஐ. குடும்பம். நர்சிங் முடித்து நான்கு வருடம் ஐசியூவில் வேலை பார்த்தவர். ஜார்க்கண்டில், ராஞ்சியிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகவும் நற்செய்தி ஊழியராகவும் போக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜூனில் புறப்பட வேண்டும். அப்பா சபையில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டார். பன்னிரண்டு குடும்பங்கள் மாதாமாதம் தாங்குவதாக எழுதிக் கொடுத்துவிட்டன.

முன்கூட்டியே இடத்தைப் பார்த்து வரப் பத்து நாள் போனவர், ஒரு கிராமத்தில் சால மரத்தோப்பின் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம், பையில் வைத்திருந்த இயேசு படத்தைக் காட்டியிருக்கிறார். பழுப்புத் தலைமுடி தோளில் விழ, முகத்தைத் தூக்கி ஒளியைப் பார்க்கும் படம். மூதாட்டி வாங்கி, விரலால் அந்த முகத்தை மெல்லத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “உங்க சாமி ஏன் வெள்ளைக்காரர் மாதிரி இருக்கார்? உன்னை மாதிரி இல்லையே!” கூட வந்த ஊழியர் மொழிபெயர்த்துச் சொன்னபோது இவருக்கு வாயடைத்துவிட்டது.

ஊர் திரும்பியதும் தேடித்தேடிப் படித்திருக்கிறார். மனிதர்கள் தங்கள் முகத்தைத்தான் வானத்தில் வரைந்து கடவுள் என்கிறார்கள் என்று ஒரு கட்டுரை. இவருடைய ஆச்சி சொன்ன கதையும் நினைவுக்கு வந்தது: முன்னோர் வேதத்துக்கு வருவதற்கு முன் வீட்டுக் கொல்லையில் சுடலைமாடன் பீடம் இருந்ததாம். அவரவர் மண்ணுக்கு ஏற்ற சாமி என்றால், எது உண்மை? இன்னொரு மக்களிடம் போய் என் சாமியைச் சொல்ல எனக்கென்ன உரிமை? இப்போது பின்வாங்கினால், கடவுள் அனுப்பிய ஊருக்குப் போகாமல் ஓடிய யோனாவா நான்? இவைதான் அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் அந்த விரல்தான் கண்முன் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி உங்களை நீங்களே கடிந்துகொள்கிறீர்கள். வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் கேட்ட கேள்வியை இரண்டு மாதம் மனதில் சுமப்பவர், அந்த மனிதரை மதிக்கிறவர். ஆலோசனை வேலைக்கு வருமுன் பல வருடம் வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்தினேன். இதே கேள்வியோடு வந்த மாணவர் ஒருவருக்கு அவசரமாக ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் அந்த வருடமே படிப்பை விட்டுப் போனார். அந்தத் தவற்றை உங்கள் விஷயத்தில் செய்ய மாட்டேன். கொஞ்சம் நிதானமாகவே பேசுவோம்.

அந்தப் படம் எங்கே பிறந்தது

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், அது சிகாகோ ஓவியர் வார்னர் சால்மன் 1940-ல் வரைந்த படம் போலிருக்கிறது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் அச்சானது; நம் ஊர் காலண்டரிலும் ஞாயிறு பள்ளிச் சுவரிலும் இருப்பது பெரும்பாலும் அதுதான். கலிலேயாவின் வெயிலில் நடந்து திரிந்த ஒரு யூதத் தச்சர் எந்த நிறத்தில் இருந்திருப்பார் என்று யோசியுங்கள். மூதாட்டியின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அவர் கண்டுபிடித்தது அமெரிக்கப் பண்பாட்டின் முகத்தை. நீங்களோ, அவர் இயேசுவையே பொய்யாக்கிவிட்டதுபோல் கலங்கிவிட்டீர்கள்.

சரி, அந்தக் கட்டுரைக்கு வருவோம். அதில் உள்ள எண்ணம் புதிதல்ல. 2,500 ஆண்டுகளுக்கு முன் செனோபனிஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளர், எத்தியோப்பியர் தங்கள் தெய்வங்களுக்குக் கறுப்பு நிறத்தையும் சப்பை மூக்கையும் தருகிறார்கள், திரேசியர் நீலக் கண்ணையும் செம்பட்டை முடியையும் தருகிறார்கள் என்றார். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால் அவையும் மாடு மாதிரியும் குதிரை மாதிரியும் சாமி வரைந்திருக்கும் என்றார். இந்த இடத்தோடு மேற்கோளை நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். ஆனால் அவரே, உடலாலும் எண்ணத்தாலும் மனிதரைப் போல் இல்லாத ஒரு கடவுள் உண்டு என்றும் சொன்னார். மனிதர் வரைந்த முகங்களைக் கழித்துவிட்டால் பெரிதாக ஒன்று மிஞ்சும் என்பது அவர் முடிவு. 1841-ல் ஜெர்மனியில் ஃபாயர்பாக் என்ற தத்துவவாதி அதே கவனிப்பிலிருந்து நேரெதிர் முடிவுக்குப் போனார்: மனிதன் தன் சிறந்த குணங்களையே வெளியே எடுத்து வைத்துக் கடவுள் என்று வணங்குகிறான், மிச்சம் ஏதுமில்லை என்று. கவனித்த விஷயம் ஒன்று, அதிலிருந்து இரண்டு பேர் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். அப்படியானால் அந்தக் கவனிப்பு மட்டும் எதையும் தீர்த்துவைக்காது என்பது விளங்குகிறது அல்லவா?

உங்கள் வார்டிலிருந்தே ஓர் உதாரணம். வலியைக் கேட்டால் நம் ஊர் நோயாளி என்ன சொல்வார்? குத்துது, குடையுது, கடுகடுங்குது, சுருக்குன்னு இழுக்குது. ஜார்க்கண்டில் வேறு சொற்கள், வேறு உவமைகள். சொல் ஊருடையது என்பதற்காக, இந்த ஆளுக்கு வலியே இல்லை என்று நீங்கள் சார்ட்டில் எழுத மாட்டீர்கள். அதேபோல, நோயாளி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார் என்பதற்காக நோய் நெஞ்சில்தான் என்றும் முடிவு கட்ட மாட்டீர்கள், பரிசோதிப்பீர்கள். கடவுளைப் பற்றிய பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சொல்லில் மண்வாசனை இருக்கும். சொல்லப்படுவது உண்மையா என்பது தனிக் கேள்வி.

நம் தமிழிலேயே இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் உண்டு. ‘தமர் உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே’ என்கிறார் பொய்கையாழ்வார். தன்னை நேசிப்பவர்கள் எந்த உருவத்தை விரும்புகிறார்களோ அதுவே தன் உருவம் என்று இறைவன் இறங்கி வருகிறான் என்கிறார். அவர் முடிவை நீங்கள் ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. மனிதர் சாயல் படிவதைப் பார்த்ததும் ‘ஏமாற்று’ என்று பதறாமல் ‘அருள்’ என்று வாசிக்கவும் வழி இருந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். வார்த்தை மாம்சமானார் என்று நம்பும் நீங்கள் அதை இன்னும் எளிதாகப் புரிந்துகொள்வீர்கள்.

நம் வீட்டுக்குள் இருக்கும் மண்

உங்கள் கடிதத்தில் ஓர் எண்ணம் சொல்லாமலே ஓடுகிறது. நம்முடையது வானத்திலிருந்து வந்தது, அவர்களுடையது பண்பாட்டிலிருந்து வந்தது என்பதே அது. இதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

நீங்கள் ஜெபத்தில் ‘தேவனே’ என்று கூப்பிடுகிறீர்கள். அந்தச் சொல் நம் வேதாகமத்துக்கு வந்த கதை தெரியுமா? 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், தமக்கு முன்பே கத்தோலிக்கர் பயன்படுத்திய ‘சருவேசுரன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். பிறகு வந்த ஃபாப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். 1871-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘தேவன்’ ஆயிற்று. 1995-ன் திருவிவிலியத்தில் ‘கடவுள்’. ஒவ்வொரு சொல்லும் இந்த மண்ணில் வேறு தெய்வங்களைக் குறித்துப் புழங்கிய சொல்தான். எது பொருந்தும், எது பொருந்தாது என்று தலைமுறை தலைமுறையாக வாக்குவாதம் நடந்தது. அப்புறம் ஆச்சிகள் அந்தச் சொல்லைக் கண்ணீரோடு கூப்பிட்டுக் கூப்பிட்டே அது நம்முடையதாயிற்று.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். பெத்தேல், இஸ்ரவேல் என்ற பெயர்களின் கடைசியில் இருக்கும் ‘ஏல்’, கானானியருடைய தலைமைத் தெய்வத்துக்கும் பெயர். 1929 முதல் சிரியக் கடற்கரையில் உகாரித் என்ற பழைய நகரைத் தோண்டியபோது கிடைத்த களிமண் பலகைகளில் அந்தப் பெயர் நிறைய வருகிறது. பண்பாடு ஒட்டாத சுத்தமான ஒரு சொல் வேதாகமத்துக்குள்ளேயே கிடைக்காது.

உங்கள் சபை அசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தல், பெரிய அண்டாக்கள், விடிய விடிய வெங்காயம் உரிக்கும் பெண்கள், பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஊர். அறுப்புப் பண்டிகையில் முருங்கைக்காயும் கோழியும் ஏலம் போகும். லண்டனிலிருந்து வந்த மிஷனரி இதைக் கொண்டுவரவில்லை. கொடை விழாவில் கூடிச் சாப்பிட்ட ஊரின் பழக்கம் வேறு பெயரில் தொடர்கிறது. ஆச்சியின் கொல்லைப் பீடத்தை நினைத்து நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை. அந்த வீட்டார் தெய்வத்துக்கு முன் பயத்தோடு நிற்கப் பழகியது அங்கேதான்.

ஆனால் பண்பாடு என்றாலே பூவும் பொட்டும் பாட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி சந்நியாசி உடை தரித்து, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, பூணூலையும் குடுமியையும் விடாமலே கிறிஸ்தவராகலாம் என்றார். 1623-ல் ரோமும் அதை அனுமதித்தது. பெரிய துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் யாருடைய பண்பாட்டை உடுத்தினார்? மேலே இருந்தவர்களுடையதை. அவர் வழியிலேயே மேல்சாதிக்கு ஒரு குரு, கீழே என்று தள்ளப்பட்டவர்களுக்கு இன்னொரு குரு என்று பிரிந்தது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் இரண்டு சாதியார் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் பூசை காணத் தடுப்பே எழுப்பியிருந்தார்கள். 1910-ல்தான் அது இடிபட்டது, அதற்கும் வழக்கு நடந்தது. ஆகவே நற்செய்தியைப் பண்பாட்டில் நட்டால் போதும் என்று யாராவது உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொன்னால், அந்தப் பண்பாட்டில் மிதிபடுகிறவர் யார் என்று கேளுங்கள்.

போய்ச் சொல்ல உரிமை உண்டா

சட்டப்படி உண்டு, எல்லையோடு. அரசியலமைப்பின் 25-ம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் போகும் ஜார்க்கண்டில் 2017-ம் ஆண்டின் மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை. மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் நான்கு ஆண்டு வரை. மதமாற்றச் சடங்கு நடத்துகிறவர் மாவட்ட நிர்வாகத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். நான் வழக்கறிஞர் அல்ல. கிளம்புமுன் அந்த மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். நிறுவனத்தில் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று சொன்னால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மருத்துவமனைப் படுக்கை. டிரிப் ஏறிக்கொண்டிருக்கும் கையால் ஒருவர் உங்களைத் தள்ளிவிட முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கக் காத்திருக்கும் தாய், நீங்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எண்ணாதீர்கள். டியூட்டி நேரத்தில், யூனிஃபார்மில், அவர்களாகக் கேட்காமல் மதம் பேசுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் ஜெபியுங்கள், யாருக்கும் அதில் தடையில்லை. ஆனால் மருந்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் போகும் இடம் வெற்று நிலமும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 50 லட்சம் பேர் தங்கள் மதம் ‘சர்னா’, அதாவது தோப்பில் தெய்வத்தை வணங்கும் ஆதிவாசி வழிபாடு, என்று எழுதிக் கொடுத்தார்கள். கணக்கெடுப்பில் சர்னாவுக்கெனத் தனிக் குறியீடு வேண்டும் என்று 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. வசந்தத்தில் சால மரம் பூக்கும்போது சர்ஹுல் திருவிழா. அந்தப் பூ படைக்கப்படாமல் புது வருடம் தொடங்காது. நீங்கள் மூதாட்டியைப் பார்த்த தோப்பு நிழலுக்காக விட்டுவைத்த தோப்பாக இருக்காது. கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்ப் படத்தை நீட்டியிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் வெள்ளை இயேசுவை எடுத்துவிட்டு ஆதிவாசி இயேசுவை வைத்தால் தீர்ந்ததா? தீரவில்லை. 2013-ல் ராஞ்சி அருகே சிங்பூரில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையில், ஆதிவாசித் தாய்மார்போல் குழந்தையைத் துணியில் கட்டிச் சுமக்கும் மாதா சிலையை வைத்தார்கள். அன்பாகச் செய்ததாகத்தான் சபை நினைத்தது. அந்தச் சபையிலேயே ஆதிவாசிகள் நிறையப் பேர் உண்டு. சர்னா அமைப்புகள் கொதித்தெழுந்தன: எங்கள் சேலை, எங்கள் தாய்மை, எங்களைக் குழப்பி இழுக்கவா இது என்று. ஆதிவாசிக் கிறிஸ்தவர் தம் பண்பாட்டில் தம் மாதாவை வணங்குவதற்கு முழு உரிமை உண்டு என்பது என் கருத்து. ஆனால் வெளியிலிருந்து போகிறவர் அந்தச் சேலையை எடுத்து உடுத்திக் காட்டுவது வேறு விஷயம். நீங்கள் வெளியிலிருந்து போகிறவர். எந்தச் சாயலில் வரையலாம் என்பதை அங்கே பிறந்து நம்புகிறவர்கள் முடிவு செய்யட்டும்.

உங்கள் வேதத்திலேயே இதற்கு இரண்டு காட்சிகள் இருக்கின்றன. அத்தேனேயில் பவுல் ஊரைச் சுற்றித் திரிந்து, அவர்கள் வழிபடுவதைக் கவனித்துப் பார்த்த பிறகே வாயைத் திறக்கிறார். திறந்ததும் அவர்களுடைய புலவர் வாக்கையே எடுத்துச் சொல்கிறார். அப்போஸ்தலர் 10-ல் பேதுரு, யூதரல்லாத கொர்நேலியு வீட்டுக்குப் போகிறார். கொர்நேலியு மாறியதைப் பற்றித்தான் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். எனக்கோ பேதுரு மாறியதே பெரிதாகத் தெரிகிறது. தீட்டு என்று ஒதுக்கிய வீட்டுக்குள் காலை வைத்த பிறகுதான், தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று அவருக்கு நிச்சயமாகிறது. அந்த வீட்டில் அவர் தம் கடவுளைப் பற்றிப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறார். இதைக் கற்கத் தயாராக இருப்பவர் போகலாம் என்பேன். தமக்கு எல்லாம் தெரியும் என்று இருப்பவர் வீட்டிலேயே இருப்பது நல்லது.

ஜூன் மாதம்

யோனா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். யோனா ஓடியது, நினிவேக்காரருக்கும் இரக்கம் கிடைத்துவிடுமோ என்ற எரிச்சலில். நீங்கள் தயங்குவது, அந்த மக்களைக் காயப்படுத்திவிடுவேனோ என்ற அச்சத்தில். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

உங்கள் முன் இருப்பது போவதா, ஓடுவதா என்ற இரண்டே வழி என்று எண்ணுகிறீர்கள். ஆறு மாதம் தள்ளிக் கேட்கலாம். அல்லது முதல் வருடம் வெறும் நர்ஸாக மட்டும் வருகிறேன், அங்கே புழங்கும் சாதரி மொழி கற்கிறேன், ஊழியப் பொறுப்பு இப்போது வேண்டாம் என்று நிறுவனத்துக்கு எழுதலாம். என் மனம் இந்த இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. நர்ஸ் வேலை உங்களுக்குத் தெரியும். அங்கே அதற்குத் தேவையும் இருக்கும். போகாமலே இருந்தாலும் அது பாவமில்லை. நிறுவனம் இந்தக் கேள்விகளைக் கேட்டதுமே உங்களை விசுவாசமற்றவர் என்று முத்திரை குத்தினால், அங்கே போகாதிருப்பதே உங்கள் மனநலத்துக்கு நல்லது. பணம் தருவதாகச் சொன்ன பன்னிரண்டு குடும்பங்களுக்கும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று குடும்பம் விலகலாம். மறைத்து வாங்கும் காணிக்கை பின்னால் உங்களை இன்னும் தூங்கவிடாது.

அப்பாவிடம் வாதமாக ஆரம்பிக்காதீர்கள். ஃபாயர்பாக்கை அவரிடம் கொண்டுபோக வேண்டாம். அந்த மூதாட்டியின் கதையை மட்டும், உங்கள் ஆச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். ஆச்சி என்ன சொல்கிறார் என்று பாருங்கள். பீடத்தைத் தாண்டி வந்த வீட்டின் நினைவு அவரிடம்தான் இருக்கிறது. தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் நீடித்தால், இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையும் நினைவுபடுத்துகிறேன். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வே. சா. அசரியா, தெலுங்கு கற்றுக்கொண்டு, இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல்லுக்குப் போனவர். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து, நீங்கள் எங்களுக்காக உடைமையையும் உடலையும் கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். தோர்ணக்கல்லில் பேராயரான பின் அவர் கட்டி, 1939-ல் பிரதிஷ்டையான ஆலயத்தைப் பார்த்தால் கோயிலும் மசூதியும் ஒருங்கே நினைவுக்கு வரும். அசரியா அன்று வெள்ளைக்காரரிடம் கேட்டதை, இன்று ஜார்க்கண்டின் ஒரு கிராமம் உங்களிடம் கேட்கலாம். அவர்களுக்கு நீங்கள் படித்தவர், சம்பளக்காரர், ரயிலேறி வந்தவர், மருந்துப் பெட்டியின் சாவி வைத்திருப்பவர். அந்தத் தோப்பில் படத்தில் இருந்தவர் மட்டுமல்ல, படத்தை நீட்டியவரும் மூதாட்டிக்கு வெள்ளைக்காரர் மாதிரித்தான் இருந்திருப்பார்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஏழு பக்கக் கடிதத்தில் அந்த மூதாட்டி கேட்ட கேள்வி இருக்கிறது, அவர் விரல் இருக்கிறது, தோப்பு இருக்கிறது. அவர் பெயர் இல்லை. ஜூனிலோ டிசம்பரிலோ, எப்போது போனாலும், முதல் வாரமே அந்தக் கிராமத்துக்குப் போங்கள். படம் வேண்டாம். பெயரை எப்படிக் கேட்பது என்று கூட வந்த அந்த ஊழியரிடம் இப்போதே போன் செய்து, சாதரியில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.